ஏ.சி.யின் முதுகில் ஒரு திருநீற்றுப் பட்டை

“…மெக்கானிக் கழுவிட்டுப் போனான்னா, போட்டவுடனே ஒரு உறுமல் உறுமிட்டுல்லா ஓடும். இப்ப அந்த உறுமலைக் காணல. இது எம் மருமக கை. நான் கேக்கது என்னன்னா, பூஜையில வச்ச சாமானை எடுத்தது யாரு?”

கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, சீலிங்கைப் பார்த்து இப்படிக் கேட்டவர் என் மாமனார். பார்த்து என்று நான் சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். அன்றைக்கு அவருக்குச் சீலிங்கும் தெரியாது, சுவரும் தெரியாது. இடது கண் சின்ன வயதிலேயே அம்மையில் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணில் புரை எடுத்து, பஞ்சு வைத்துக் கட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆயுத பூஜையன்று சாயங்காலம், தி. நகரில் பனகல் பூங்காவுக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் வீட்டில், ஏ.சி. ரூமில் நடந்தது இது. கட்டிலுக்கு ஒரு பக்கம் என் மாமியார். மறுபக்கம் நான், முழங்கை வரை ஈரத்தோடும் அழுக்கோடும். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

அவர் கேட்டதில் அப்படி என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். அது புரிய வேண்டுமானால் நான் ஏ.சி.யின் முதுகிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இப்போது வீடுகளுக்கு ஏ.சி. இரண்டு துண்டாக வருகிறது. குளிர்கிற துண்டு உள்ளே, சுடுகிற துண்டு வெளியே சுவரிலோ மொட்டை மாடியிலோ. அந்த நாளில் இரண்டும் ஒரே பெட்டி. ஜன்னலில் தூக்கி வைத்தால் முகம் அறைக்குள், முதுகு தெருவுக்கு. முகத்தை எல்லோரும் துடைப்பார்கள், விருந்தாளி வந்தால் அதன் முன்னால்தான் உட்கார வைப்பார்கள். முதுகை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் அந்த முதுகு எனக்கு வந்து சேர்ந்தது.

நாங்கள் தெற்கத்திக்காரர்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்த குடும்பம். நான் கல்யாணமாகி வந்தது அறுபதுகளின் கடைசியில். அப்போது ஏ.சி. கடையில்தான் இருந்தது, பட்டுப் பிரிவில். கடையைப் பெரிதாக இழுத்துக் கட்டியபோது பெரிய மெஷின் வாங்கினார்கள். பழையது வீட்டுக்கு வந்தது. கடைக்காரர்கள் வீட்டில் எதையும் தூக்கிப் போடுவது கிடையாது. தானில், அதாவது முழுத் துணிச் சுருளில், மிச்சமான துண்டுத் துணி எங்களுக்கு ரவிக்கையாகிற மாதிரி, கடையில் மிச்சமான மெஷின் எங்களுக்கு ஏ.சி. ஆயிற்று.

மாமியாருக்கு அதன் குளிர் பிடிக்காது. ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது என்பார். மாமனாருக்கோ மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தால் அதன் முன்னால் ஒரு குட்டித் தூக்கம் போட்டாக வேண்டும். பக்கத்து வீட்டு மாமிக்கு வேறு வருத்தம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து, அதில் இடுப்பளவு காம்பவுண்டுச் சுவர். எங்கள் மெஷினின் முதுகு நேராக அவர் சமையலறை ஜன்னலைப் பார்த்து அனலாக ஊதும். “கோடையை எங்காத்துப் பக்கம் தள்ளிட்டு, நீங்க உள்ளே மார்கழி கொண்டாடறேள்” என்று ஒருநாள் சுவர் மேல் கை ஊன்றிக்கொண்டு சொன்னார். அந்த வார்த்தைக்காகவே மெஷினுக்குப் பின்னால் ஒரு தகரத்தைச் சாய்த்து அடிக்கச் சொல்லி, அனலை மேலே திருப்பிவிட்டேன். நல்ல வார்த்தை சொல்கிறவர்களுக்கு நான் எதையும் செய்துவிடுவேன்; அது என் பலவீனம். பிறகு மழைக்காலத்தில் அவரே தம் வீட்டுத் துணியை அந்த அனலில் காயப்போட ஆரம்பித்தார் என்பது வேறு விஷயம்.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் திறந்து மூடுகிற சாமான் எதைக் கண்டாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது. பிறந்த வீட்டில் தையல் மெஷினைப் பிரித்துப் பூட்டியதற்காக நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். அதனால் முதல் கோடையிலேயே ஏ.சி. மூச்சு முட்டி நின்று, மந்தைவெளியிலிருந்து மெக்கானிக் சைக்கிளில் வந்தபோது, நான் சந்துப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “இன்னாம்மா அப்படிப் பாக்கற? இத்தான் இதுக்கு மூக்கு. மூக்குல பஞ்ச அடைச்சிட்டு ஓடுடான்னா எவன் ஓடுவான்?” என்றார்.

அவர் சொன்னது உண்மை. முதுகு முழுக்கக் காகிதம் மாதிரி மெல்லிய அலுமினியத் தகடுகள், புத்தகத்தின் பக்கங்களை நிறுத்தி வைத்தாற்போல் நெருக்கமாக. அவற்றுக்கு ஊடே செம்புக் குழாய் ஓடுகிறது. அறையின் சூடெல்லாம் அந்தக் குழாய்க்கு வந்து, தகடுகளுக்கு ஏறி, இடுக்கு வழியாக வருகிற காற்றில் வெளியே போக வேண்டும். மற்ற வீடுகளில் இடுக்கில் தூசிதான் அடையும். எங்கள் வீட்டில் கடைக்கு வருகிற ஜவுளிப் பண்டல் பிரிப்பது முன் வராந்தாவில். பஞ்சும் நூல் பிசிறும் காற்றில் பறந்து, மெஷினின் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாக உள்ளே போய், தகடுகளின் மேல் கம்பளி போர்த்தினாற்போல் படிந்திருந்தது. இதை அவர் வழித்துக் கையில் எடுத்துக் காட்டியதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக மூக்கில் பஞ்சு என்று பேசுகிறானே என்று உள்ளே போய்த் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த தடவை அது அடைத்தபோது நானே இறங்கினேன். மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்வேன். நான் வெளியில் நிற்கும்போது யாரும் தெரியாமல் போட்டுவிடக் கூடாதல்லவா. ஸ்டூலைப் போட்டு ஏறி, மோட்டார் மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றுவேன். கடையில் பட்டுப் புடவை மேல் தூசி தட்டுகிற மெத்துமெத்தென்ற பிரஷ் ஒன்று கழித்துப் போட்டதை வாங்கி வைத்திருந்தேன். அதால் மேலிருந்து கீழாக மட்டும் தள்ள வேண்டும். குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தால் போதும், தகடு அத்தனையும் மடங்கிப் படுத்துவிடும். அழுக்குப் போகப் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர். பட்டுப் புடவைக்கு ஆகிறது அலுமினியத்துக்கு ஆகாதா என்று நான் பாட்டுக்கு ஊற்றிப் பார்த்ததுதான், பளபளவென்று வந்தது.

மடங்கின தகடுகளை நிமிர்த்த ஒன்றும் கிடைக்கவில்லை. கத்தி முனை கிழித்தது. ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தால் தீபாவளி வந்துவிடும். ஒருநாள் நாத்தனார் மகளுக்குத் தலை பார்த்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த பேன் சீப்பைப் பார்த்ததும் அப்படியே அவளை விட்டுவிட்டுச் சந்துக்கு ஓடினேன். சீப்பின் பல் தகட்டின் இடுக்கில் அளவெடுத்துச் செய்தாற்போல் இறங்கியது. மேலிருந்து கீழே ஒரு வாரு வாரினேன். படுத்துக் கிடந்த தகடுகள் வகிடு எடுத்த தலை மாதிரி எழுந்து நின்றன. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாமி, “மெஷினுக்குப் பேன் பாக்கற மாட்டுப்பொண்ணை நான் இப்பத்தான் பாக்கறேன்” என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சீப்பைத் தலையில் வைக்கவில்லை. அது மெஷினுக்கென்று ஆகிவிட்டது.

முதுகை மூடும்போது ஒவ்வொரு திருகாணிக்கு அடியிலும் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒரு துண்டு வைப்பேன். அதனால் நான் கழுவின மெஷின் ஸ்டார்ட் ஆகும்போது தகரம் அதிராது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மாமனார்தான் ஒருநாள் சாப்பிட்டுப் படுத்தவர், கண்ணை மூடியபடியே, இன்றைக்குக் கழுவினாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. ஆனால் கடையில் அவர் பேசிய பேச்சை என் வீட்டுக்காரர் வந்து சொல்வார். கடைக்கு வருகிற வியாபாரிகள் யாராவது தங்கள் வீட்டு ஏ.சி.யைப் பற்றிக் குறைப்பட்டால் போதும், “எங்க வீட்டுல மெக்கானிக்குன்னு தனியா கிடையாது, மருமகதான்” என்று ஆரம்பித்துவிடுவாராம். வந்தவர்கள் புடவை பார்க்க வந்ததை மறந்து, பேன் சீப்புக் கதையைக் கேட்டுவிட்டுப் போவார்களாம்.

அப்படி இருந்தவருக்குத்தான் இருந்த ஒரு கண்ணிலும் புரை விழுந்தது. ஜவுளிக்காரருக்குக் கண் போனால் என்ன மிச்சம் சொல்லுங்கள். துணியை வெளிச்சத்தில் பிடித்து, நூலின் நெருக்கத்தைப் பார்த்தே எந்த ஊர்த் தறி என்று சொல்கிறவர், கடைசியில் பச்சையா நீலமா என்று கடைப் பையன்களைக் கேட்கிற நிலைக்கு வந்துவிட்டார். வாடிக்கைக்காரர் முன்னால் கேட்க வெட்கப்பட்டு, துணியைத் தடவிக்கொண்டே சும்மா நின்றாராம். ஆபரேஷன் என்றால் பயம், இருக்கிற மங்கல் பார்வையும் போய்விட்டால் என்ன செய்வது என்று. ஒருவழியாகச் சம்மதித்து, செய்துகொண்டார்.

ஆஸ்பத்திரியில் இன்னும் சில நாள் இருக்கச் சொன்னார்கள். இவர் பிடிவாதம் பிடித்தார். ஆயுத பூஜைக்கு வீட்டில் இருந்தாக வேண்டும், பார்க்க முடியாவிட்டாலும் சாம்பிராணி வாசமாவது மூக்கில் ஏற வேண்டும் என்றார். டாக்டர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. புரட்டாசிப் புழுக்கம், வியர்வை கட்டுக்குள் இறங்கினால் சீழ் பிடிக்கும், அப்புறம் என்னிடம் வந்து பிரயோஜனம் இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஃபேன் காற்றும் நேரே படக்கூடாது, தூசி. எங்கள் வீட்டில் ஏ.சி. ரூம் இருக்கிறது என்று மாமனார் சொன்னார். அது நின்றுவிட்டால் என்று டாக்டர் கேட்டார். மாமனார் நான் நிற்கிற பக்கமாகக் கையைக் காட்டினார். அந்தக் கை சரியாக என்னை நோக்கி வரவில்லை, கதவைக் காட்டியது. ஆனாலும் எனக்குப் புரிந்தது.

“குளிருக்கு நான் பொறுப்பு, டாக்டர்” என்றேன்.

அதுவரைக்கும் என் வாழ்க்கையில் வீட்டுக்கு வெளியே ஒரு பெரிய மனிதரிடம் நான் எதற்கும் பொறுப்பு என்று சொன்னதில்லை. டாக்ஸியில் வரும் வழியெல்லாம் எனக்கு அந்த வார்த்தை வாயில் இனித்துக்கொண்டே இருந்தது.

ஆயுத பூஜையன்று மற்ற ஆண்கள் எல்லோரும் காலையிலேயே கடைக்குப் போய்விட்டார்கள். கடைப் பூஜை முடிந்து திரும்ப விளக்கு வைக்கிற நேரம் ஆகும். வீட்டுப் பூஜை மாமியாருடையது. அரிவாள்மனை, கத்தரிக்கோல், கஜக்கோல், தையல் மெஷின் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டார். அந்த வரிசையில் என் ஸ்குரூடிரைவரையும் பிரஷையும் பேன் சீப்பையும் அவரே கொண்டுவந்து வைத்தார். சீப்பின் முதுகில் சின்னதாக ஒரு பொட்டு. மெஷினையே பிடிக்காதவர் அதைச் செய்தார். நான் அடுப்படிக்குப் போய் வெறுமனே நின்றுவிட்டு வந்தேன்.

இப்படிப் பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில் பூஜை பிரிக்கும் வரை தொடக்கூடாது. அன்றைக்குக் குழம்புக்கு வேண்டிய காயைக்கூட முதல் நாளே நறுக்கி வைத்துவிடுவோம். மாமனார் இதில் மகா கண்டிப்பு. ஒரு தடவை கல்யாண அவசரம் என்று ஆயுத பூஜையன்று வந்து நின்றவருக்கு, பூஜையிலிருந்து கத்தரிக்கோலை எடுக்க மாட்டேன் என்று சொல்லி, முழுத் தானையும் வெட்டாமல் அப்படியே தூக்கிக் கொடுத்து, மிச்சத்தை நாளைக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று அனுப்பியவர் அவர்.

நான் காலையில் அவருக்குக் கஞ்சி புகட்டி, உடம்பைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். விடியற்காலைக் குளிர்ச்சியில் மெஷினைச் சற்று ஓய்வாக நிறுத்தி வைத்திருந்தோம். மற்ற வருஷங்களில் அதற்குப் பொட்டு வைப்பது நான்தான். தகரத்தின் ஓரத்தில் ஒரு விரல் அளவு. அந்த வருஷம் என் கை ஒழியவில்லை என்று மாமியார் தாமே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சந்துக்குப் போயிருக்கிறார். எனக்குத் தெரியாது. வெயில் ஏறியதும் சுவிட்சைப் போட்டேன். நன்றாகத்தான் ஓடியது.

சாப்பாட்டு வேளை தாண்டியபோது சத்தம் கனத்தது. பிறகு ‘டக்’ என்று ஒரு ஓசை. குளிர் நின்று வெறும் காற்று வந்தது. சற்றுப் பொறுத்து மறுபடி முக்கி முனகிக் கிளம்பி, மறுபடி டக். அறை மெல்லச் சூடாயிற்று. மாமனாரின் கால் விரல்கள் அசைந்துகொண்டே இருந்தன. அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. ஒரு முத்து புருவத்தில் இறங்கி, கட்டின் ஓரத்தை நோக்கி நகர்ந்தது. நான் வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தேன். ஒற்றிய இடத்திலேயே அடுத்தது அரும்பியது.

சந்துக்குப் போய்ப் பார்த்தேன். மெஷினின் முதுகில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, அழகாக மூன்று திருநீற்றுப் பட்டை. குழைத்துக் கனமாக இட்டது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். தகடுகளின் இடுக்கெல்லாம் அடைபட்டு, அனலில் காய்ந்து, சிமெண்ட் பூசினாற்போல் இறுகிக் கிடந்தது. சாமந்தி மாலை ஒன்று சாத்தியிருக்கிறார். நார்தான் வெளியே கொஞ்சம் தொங்கியது. மாலை பக்கவாட்டு ஓட்டை வழியாக உள்ளே போய்விட்டது.

சுவருக்கு மேலே மாமியின் தலை தெரிந்தது. “காலம்பற உங்க மாமியார் இதுக்கு அலங்காரம் பண்ணினதைப் பாக்கணுமே. மாப்பிள்ளை அழைப்புக்கு நிறுத்தி வெச்ச மாதிரின்னா இருந்தது” என்றார்.

எதிர்க் கடையிலிருந்து மெக்கானிக் பட்டறைக்குப் போன் போட்டேன். எடுத்தவர் சிரித்தார். “இன்னிக்கு யாரும்மா வருவாங்க? சாமானெல்லாம் சாமிகிட்ட கீது. நாளிக்குக் காலைல அனுப்பறேன்” என்றார். அக்கம்பக்கத்தில் ஒரு ஸ்குரூடிரைவர் இரவல் கேட்கலாம் என்றால், எல்லா வீட்டிலும் அதே கதை. மாமி வீட்டில் சுத்தியல்கூடப் பூஜையில். அன்றைய தினம் தி. நகரிலேயே பொட்டு வைக்காத ஸ்குரூடிரைவர் ஒன்று கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பூஜை அறை வாசலுக்கு வந்து நின்றேன். மாமியார் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். பட்டை போட்டது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை; அடைத்துக்கொண்டிருக்கிறது, மாலை உள்ளே போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் கை எண்ணெய்க் கிண்ணத்தோடு அப்படியே நின்றது.

“அது நெத்தின்னுல்லா நெனச்சேன்” என்றார். “இந்த வருசம் அவுக கண்ணைக் காக்கது அதுதான்னு, நெறைக்கப் போட்டேன்.”

நான் வரிசையைப் பார்த்தேன். ஸ்குரூடிரைவர், பிரஷ், சீப்பு மூன்றும் கைக்கு எட்டுகிற தூரத்தில். டாக்டரிடம் நான் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது. எடுத்துவிடலாம் என்றுதான் குனிந்தேன். ஆனால் மாமியார் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, அவர் வைத்த பூஜையில் என் கை நீளவில்லை.

அவர்தான் எழுந்தார். கண்ணை மூடி ஏதோ சொல்லிக்கொண்டார். பிறகு மூன்றையும் எடுத்து, சீப்பிலிருந்த பொட்டைத் தம் முந்தானையால் துடைத்து, என் கையில் வைத்தார்.

“சாமி நாளைக்கு வரைக்கும் பொறுத்துக்கிடும். அவுக கண்ணு பொறுக்காது. போ, நான் அவுக பக்கத்துல இருக்கேன்” என்றார்.

ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு சந்தில் இறங்கினேன். அன்றைக்கு எங்கள் குழாயில் தண்ணீர் இல்லை. மாமி தம் வீட்டுக் கிணற்றில் இறைத்து, சுவர் மேல் வாளி வாளியாக வைத்தார், நான் வாங்கிக்கொண்டேன். பட்டையின் மேல் பூந்திக்கொட்டைத் தண்ணீரை ஊற்றி ஊறவிட்டேன். அது ஊறுவதற்குள் பக்கத் தகரத்தைக் கழற்றினேன். மாலையின் நார் ஃபேன் தண்டில் நூல்கண்டு மாதிரி சுற்றியிருந்தது. சாமந்தி இதழெல்லாம் உள்பக்கம் தகடுகளில் ஒட்டி வெந்து கிடந்தது. நாரைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து எடுத்தேன். இதழ்களை விரலால் வழித்தேன். பிறகு பிரஷ், மேலிருந்து கீழாக. திருநீறு பாலாகக் கரைந்து சுவரில் இறங்கியது. சந்தனம்தான் லேசில் விடவில்லை. சீப்பை இறக்கி, ஒரு வரி வாரி, தண்ணீர் விட்டு, அடுத்த வரி. அவசரம் அவசரம் என்று மனசு அடித்துக்கொள்கிறது. அவசரப்பட்டால் தகடு கிழியும். என் வியர்வை என் கண்ணில் இறங்கியபோதுதான் உள்ளே படுத்திருப்பவரின் நிலைமை எனக்கு முழுசாக உறைத்தது.

ஜன்னலின் மறுபக்கத்திலிருந்து மாமனாரின் குரல் கேட்டது, பின்னால் என்ன சத்தம் என்று. மாமியார் சற்றும் தயங்காமல், மெக்கானிக் வந்திருக்கான், நீங்க பேசாமப் படுங்க, அசையக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்லா என்றார். பொய்யே சொல்லாத மனுஷி. பூஜையைக் கலைத்தது தெரிந்தால் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்ற பயம்.

கடைசி வாளியை மேலிருந்து ஊற்றியபோது, தகடுகளின் இடுக்கு வழியாக உள்ளே ஃபேனின் இறக்கை தெரிந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தை இன்றைக்கும் எனக்கு விவரிக்கத் தெரியவில்லை. மோட்டாரைத் துடைத்து, காற்றாட விட்டு, தகரத்தை மாட்டி, திருகாணிகளை முடுக்கினேன். டியூப் துண்டுகளை மறக்கவில்லை. கை பழகிவிட்டது.

ஃபியூஸ் கட்டையைப் போட்டு, சுவிட்சைத் தட்டினேன். மெஷின் வெறுமனே ‘ம்’ என்று கிளம்பியது. நான் கட்டிலருகில் வந்து நின்று காத்திருந்தேன். டக் என்ற ஓசை வருமா, வருமா என்று காது முழுக்க அதிலேயே இருந்தது. வரவில்லை. முதலில் காற்றில் ஒரு ஈரம், பிறகு குளிர். மாமியார் அவர் நெற்றியை ஒற்றிய துணியைப் பார்த்தார். அடுத்து ஒற்றியபோது துணி உலர்ந்தே வந்தது. அவர் அந்தத் துணியை என்னிடம் நீட்டிக் காட்டினார், பள்ளிக்கூடப் பிள்ளை பரீட்சை மார்க்கைக் காட்டுகிற மாதிரி. எனக்கு ஸ்டூல் மேல் ஏறி நின்று ஊருக்கே சொல்ல வேண்டும்போல இருந்தது.

அப்போதுதான் மாமனார் வாயைத் திறந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அந்தக் கண் பிறகு நன்றாகத் தேறியது. கட்டுப் பிரித்து, தடிக் கண்ணாடி போட்டு, மறுபடியும் அவர் வாசல் வெளிச்சத்தில் துணியைப் பிடித்து நூல் பார்த்தார்; பல வருஷம் பார்த்தார். டாக்டர் கட்டைப் பிரித்த அன்று, கண்ணுக்குள் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஆனால் அந்தச் சாயங்காலம் இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் குரல் உயர்ந்தாலே கட்டு அசையும். கோபத்தில் தலையைத் தூக்கிவிட்டால் எல்லாம் போச்சு.

மாமியார் முந்திக்கொண்டார். “நாந்தான். பட்டை போட்டதும் நான், பூஜையில இருந்து எடுத்துக் குடுத்ததும் நான். மெக்கானிக் வந்தான்னு சொன்னதும் நாந்தான். ஏசணும்னா நல்லானப்புறம் ஏசுங்க.”

“கழுவினது நான், மாமா” என்றேன்.

அவர் தலையை அசைக்காமல், வலது கையை மட்டும் மெதுவாகத் தூக்கி, காற்று வருகிற பக்கம் விரல்களை விரித்துச் சிறிது நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்; துணியின் தரம் பார்க்கும்போது பிடிப்பாரே, அந்த மாதிரி. பிறகு அந்தக் கையைக் கீழே இறக்கி, இடுப்பருகே கிடந்த போர்வையைத் தேடிப் பிடித்து, கழுத்து வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டார்.